கன நாள் நிண்ட எம்ஜிபி: என்ன குறி காட்டுது, எங்க கை வைக்கிறது

கொழும்பில இப்ப கைமாறுற பழைய ஸ்போர்ட்ஸ் காருகள் அனேகமா ஓடிப் பழுதானதில்லை, நிண்டு பழுதானதுதான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டுக்கு அளந்து குடுத்த பெற்றோல் வீட்டுக் காருக்கே காணாம இருக்கேக்க உறை போட்டு மூடி வச்சது, ரூபா விழுந்து சாமான் விலை ஏறினதால "பிறகு பாப்பம்" எண்டு விட்டது, சொந்தக்காரர் காலமாகி திறப்பு எங்கயெண்டே தெரியாம கிடந்தது, இப்பிடித்தான் ஒவ்வொரு காருக்கும் ஒரு கதை. அதால கீழ சொல்லுற எல்லாம் ஒரே எண்ணத்தில போகுது: என்னமோ உடைஞ்சு போச்சு எண்டு நினைக்காம முதல்ல கறள், களிம்பு, பழம் பெற்றோல், காஞ்ச ரப்பர், இந்த நாலிலயும் சந்தேகப்படுங்கோ. புதுச் சாமான் வாங்கிறது கடைசி வேலை.

எம்ஜிபியை வச்சு எழுதுறன். 1962ல இருந்து 1980 வரை இங்கிலாந்தில அபிங்டன்ல செய்த கார், 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின், பெரும்பாலானதில ரெண்டு எஸ்யூ கார்பரேட்டர், லூக்காஸ் வயரிங். முதல்முதலா ஸ்பெனர் பிடிக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல கார் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா இதே இன்ஜின் குடும்பம் ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலயும் வந்தது, வயசான பாஸ்மாருக்கு (மெக்கானிக்மாருக்கு) கண்ணை மூடிக்கொண்டே கழட்டிப் பூட்டத் தெரியும். பிளக்குகளுக்கு வரிசையா நெருப்பு அனுப்புற லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் மொரிஸ் மைனருக்கும் போட்டு வந்தது. அதுக்குள்ள கரண்டை வெட்டிச் சேக்கிற சின்னச் சுவிட்ச்தான் பொயின்ட். பஞ்சிகாவத்தை சாமான் கடையில போய் "எம்ஜி ஸ்போர்ட்ஸ் காருக்கு பொயின்ட் இருக்கோ முதலாளி" எண்டு கேட்டா ஒரு விலை, "25டி4க்கு மைனர் பொயின்ட் ஒரு செட் தாங்கோ" எண்டு கேட்டா வேற விலை. சாமான் ஒண்டுதான்.

ஆயுதம் கனக்க வேண்டாம். மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்ப் ஒண்டில ரெண்டு வயர் பத்தவச்ச டெஸ்ட் லாம்ப், ஃபீலர் கேஜ், இஞ்சிக் கணக்கு ஸ்பெனர் செட். வீட்டில கிடக்கிற மில்லிமீட்டர் ஸ்பெனரை வச்சுத் திருப்பினா நட்டின்ர மூலை தேஞ்சு உருண்டையாப் போகும், பிறகு அதைக் கழட்டிறதே ஒரு நாள் வேலை. பெற்றோலில கை வைக்க முதல் தீயணைப்புக் கருவி ஒண்டு கைக்கெட்டின இடத்தில இருக்கோணும், இதில விளையாட்டு வேண்டாம்.

இன்னொண்டு. பெட்டரி வயர் பூட்ட முதல் எந்தக் கம்பி காரின்ர பொடிக்கு (இரும்பு உடம்புக்கு) போகுது எண்டு பாருங்கோ. 1967 வரைக்கும் வந்த எம்ஜிபி பொசிட்டிவ் ஏர்த், அதாவது பெட்டரியின்ர பிளஸ்தான் பொடிக்குப் போகும், அதுக்குப் பிறகு வந்தது நெகட்டிவ். இடையில ஆராவது மாத்தியும் இருப்பினம், அதால வருசத்தை நம்பாம கம்பியை நம்புங்கோ. இப்பத்த வயரிங் பொடியன்மார் கறுப்புக் கம்பி எண்டா மைனஸ்தான் எண்டு யோசிக்காமப் பூட்டிவிட, ரேடியோவோ ஒல்டனேட்டரோ அந்த இடத்திலயே புகைஞ்சு போகும்.

திறப்பைத் திருப்பினா சத்தமே இல்லை, இல்லாட்டி "டிக்" மட்டும்

முதல்ல பெட்டரி. பழைய மொடலில சீட்டுக்குப் பின்னால தரைக்குக் கீழ ரெண்டு 6 வோல்ட் பெட்டரி தொடரா இருக்கும், ரெண்டையும் இணைக்கிற கம்பியை ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறதில்லை, அங்கதான் வெள்ளையும் பச்சையுமா களிம்பு பிடிச்சுக் கிடக்கும். நிறைஞ்ச பெட்டரி 12.6 வோல்ட் காட்டோணும், ஸ்டார்ட்டர் அடிக்கேக்க 9.6க்குக் கீழ போனா பெட்டரி சரியில்லை.

பெட்டரி நல்லது, ஆனாலும் சோம்பலாத்தான் சுத்துது எண்டா ஸ்டார்ட்டரைக் கழட்டாதீங்கோ. மல்டிமீட்டரின்ர ஒரு முனையை பெட்டரியின்ர ஏர்த் முனையிலயும் மற்றதை இன்ஜின் புளொக்கில சுரண்டின இடத்திலயும் வச்சு, ஒரு ஆளைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கோ. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஏர்த் பிழை. இன்ஜின் ரப்பர் மவுன்டில இருக்கிறதால அதுக்கும் பொடிக்கும் இடையில ஒரு பின்னல் பட்டி போகும், வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரி கடல் பக்கம் நிண்ட காரில அது உப்புக்காத்தில பச்சையாகி நூல் நூலாக் கழண்டிருக்கும். அந்தப் பட்டி இல்லாட்டி ஸ்டார்ட்டர் கரண்ட் வேற வழி தேடி சோக் கேபிளுக்காலயும் போகும். ஸ்டார்ட்டர் அடிச்ச கையோட சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கோ, சூடா இருந்தா பழுது அம்பிட்டுது, வேற ஒண்டும் தேடத் தேவையில்லை.

நல்லாச் சுத்துது, ஆனா பத்துதில்லை

இங்கதான் புது ஆக்கள் கார்பரேட்டரைக் கழட்டி மேசையில பரப்புவினம். தயவுசெய்து வேண்டாம். பெற்றோலா நெருப்பா எண்டு முதல்ல பிரியுங்கோ.

திறப்பை ஒன் பண்ணி ஸ்டார்ட் அடிக்காம காதைக் குடுத்துக் கேளுங்கோ. பின்பக்கம் வலது சில்லுக்குக் கிட்ட இருக்கிற எஸ்யூ பம்ப் "டக் டக் டக்" எண்டு வேகமா அடிச்சு, கார்பரேட்டர் கிண்ணம் நிறைய நிறைய மெதுவாகி நிக்கோணும். அடிக்கவே இல்லை எண்டா பம்புக்கு வாற வெள்ளை வயரில கரண்ட் இருக்கோ எண்டு டெஸ்ட் லாம்பை வச்சுப் பாருங்கோ. இருந்தா பம்பின்ர கறுப்பு ஏர்த் வயரைச் சுரண்டிப் பூட்டுங்கோ, அதுக்கும் அசையாட்டி ஸ்க்ரூ ட்ரைவரின்ர பிடியால பம்பில மெல்லத் தட்டுங்கோ. தட்டினதும் அடிக்கத் தொடங்கினா பம்புக்குள்ள இருக்கிற பொயின்ட் அழுக்கு, கழட்டிச் சுத்தம் செய்யலாம், புதுப் பம்ப் வேண்டாம். நிக்காமலே அடிச்சுக்கொண்டிருந்தா டேங்க் காலி, இல்லாட்டி டேங்குக்கும் பம்புக்கும் இடையில எங்கயோ காத்து இழுக்குது, இல்லாட்டி கார்பரேட்டர் நிரம்பி வழியுது. இந்த மூண்டாவது ஆபத்து. வழியிற பெற்றோல் விழுற பக்கத்திலதான் சைலன்சர் குழாயும் இருக்கு, உடன திறப்பை ஓஃப் பண்ணுங்கோ. அனேகமா கிண்ணம் நிறைஞ்சதும் பெற்றோலை மறிக்கிற நீடில் வால்வில ஒரு கறள் துண்டு சிக்கியிருக்கும், அவ்வளவுதான்.

பம்ப் சரி எண்டா கார்பரேட்டருக்குப் போற குழாயைக் கழட்டி ஒரு போத்தலுக்குள்ள விட்டு, திறப்பை ஒன் பண்ணுங்கோ. ஒரு நிமிசத்தில அரை லீற்றருக்கு மேல வரோணும். வாற பெற்றோலை மணந்தும் பாருங்கோ. பழசாப் போன பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணக்கும், நிறமும் தேத்தண்ணி நிறமாயிருக்கும். அதோட புதுப் பெற்றோலைக் கலந்து ஓட்டப் பாக்கிறது வீண் வேலை, முழுக்க இறக்குங்கோ.

பெற்றோல் வருகுது எண்டா நெருப்பு. ஒரு பிளக்கைக் கழட்டி அதின்ர வயரைப் பூட்டி, பிளக்கின்ர இரும்பு உடம்பை இன்ஜின் புளொக்கில முட்ட வச்சு (பெற்றோல் போத்தலைத் தூர வச்சிட்டு) ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கோ. நீலமா "சடக்" எண்டு பாஞ்சா நல்லது. செம்மஞ்சளா மெலிஞ்சு இருந்தா, இல்லாட்டி ஒண்டுமே இல்லாட்டி, டெஸ்ட் லாம்பை எடுங்கோ. ஒரு வயரை பொடியிலயும் மற்றதை கொயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற முனையிலயும் வச்சு ஸ்டார்ட்டர் அடிக்கேக்க பல்பைப் பாருங்கோ. மினுங்கி மினுங்கி எரிஞ்சா பொயின்ட் திறந்து மூடுது, பழுது கண்டென்சர், ரோட்டர், கொயில், கெப் இந்தப் பக்கம். எரிஞ்சபடியே நிண்டா பொயின்ட் மூடினாலும் கரண்ட் கடக்குதில்லை எண்டு அர்த்தம், நிண்ட காரில இதுதான் வழமை, பொயின்ட் முகத்தில ஒரு மெல்லிய படை படிஞ்சிருக்கும், ஆகவும் மெல்லிய சான்ட் பேப்பரை இடையில விட்டு ரெண்டு தரம் இழுத்து, பிறகு வெள்ளைக் கடதாசியால துடைச்சா போதும். எரியவே இல்லை எண்டா கொயிலுக்குக் கரண்ட் வரேல்லை, இல்லாட்டி உள்ள எங்கயோ பொடியில முட்டுது.

பொயின்ட் இடைவெளி 0.35 தொடக்கம் 0.40 மிமீ, பிளக் இடைவெளி 0.64 மிமீ கிட்ட. பத்துற வரிசை 1-3-4-2, ரோட்டர் சுத்துறது மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம். கெப்பைக் கழட்டிப் பூட்டேக்க ரெண்டு வயர் இடம் மாறினா கார்பரேட்டருக்காலயும் சைலன்சருக்காலயும் வெடிக்கும், பயப்பட வேண்டாம், வரிசையைத் திருப்பிப் பாருங்கோ.

ஒரு எச்சரிக்கை. புதுசா பெட்டியோட வாற மலிவு ரோட்டரையும் கண்டென்சரையும் நான் நம்பிறதில்லை. ரோட்டரின்ர நடுவில இருக்கிற ரிவெட்டுக்கால கரண்ட் கீழ இருக்கிற சாஃப்ட்டுக்கு ஒழுகிறது உலகம் முழுக்கத் தெரிஞ்ச பழுது. பழைய லூக்காஸ் ரோட்டர் வெடிப்பில்லாமக் கிடைச்சா அதையே சுத்தம் செய்து பூட்டுங்கோ, கழட்டினதுகளை எறியாம வச்சிருங்கோ.

ஸ்டார்ட் ஆகுது, ஆனா துடிச்சுத் துடிச்சு நிக்குது, மிதிச்சா இழுவையில்லை

எஸ்யூ கார்பரேட்டர் பாக்கத்தான் பயம், உள்ளுக்க ஒரு பிஸ்டன், ஒரு ஊசி, ஒரு ஜெட், அவ்வளவுதான். மேல இருக்கிற கறுப்பு மூடியைத் திருப்பி எடுத்தா நடுக்குழாய்க்குள்ள ஒயில் இருக்கோணும். அது வத்தினா அக்சிலரேட்டரை டக்கெண்டு மிதிக்கேக்க கார் ஒருக்கா மூச்சடைச்சுப் பிறகுதான் போகும். 20ஆம் நம்பர் ஒயில் கொஞ்சம் விட்டா அந்த வருத்தம் அதோட சரி. பிறகு விரலால பிஸ்டனைத் தூக்கி விடுங்கோ, "டொக்" எண்டு அடியில விழோணும். மெதுவா இறங்கினாலோ இடையில தங்கினாலோ உள்ளுக்க பழம் பெற்றோலின்ர பசை, தின்னரால துடைச்சுக் காயவிட்டுப் பூட்டுங்கோ, சான்ட் பேப்பர் அந்தப் பக்கமே போகக்கூடாது. ரெண்டு கார்பரேட்டரின்ர பிஸ்டனையும் மேல்மூடியையும் மாறிப் பூட்டவும் கூடாது, அதுகள் சோடி சோடியாச் செய்தது.

மிக்ஸர், அதாவது பெற்றோலும் காத்தும் சேருற அளவு, பாக்கிறதுக்கு இன்ஜின் நல்லாச் சூடாகியிருக்கோணும். கார்பரேட்டருக்குக் கீழ ஒரு சின்ன ஊசி மாதிரி தள்ளுகம்பி இருக்கும், அதை மேல தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாத் தூக்குங்கோ. இன்ஜின் வேகம் ஏறி ஏறினபடியே நிண்டா பெற்றோல் கூட. உடன விழுந்து நிக்கப் பாத்தா பெற்றோல் குறைவு. கொஞ்சம் ஏறித் திரும்பப் பழையபடி வந்தா அதுதான் வேணும். அடியில இருக்கிற ஆறுமூலை நட்டை ஒரு முகம் மட்டும் திருப்பிட்டு திரும்பப் பாருங்கோ: கீழ இறக்கினா பெற்றோல் கூடும், மேல ஏத்தினா குறையும். அவசரத்தில ரெண்டு கார்பரேட்டரையும் டைமிங்கையும் ஒரே நேரத்தில திருப்பினா எது எதைக் கெடுத்தது எண்டு பிறகு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.

ரெண்டும் ஒரே அளவா காத்து இழுக்குதோ எண்டு பாக்க விலையான மீட்டர் வேண்டாம். ஒரு முழம் ரப்பர் குழாய் எடுத்து ஒரு முனையைக் காதிலயும் மற்றதைக் கார்பரேட்டர் வாயிலயும் வச்சுக் கேளுங்கோ, ரெண்டிலயும் ஒரே "ஸ்ஸ்" வரும்வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருப்புங்கோ. என்ன திருப்பியும் நிலைக்கு வரேல்லை எண்டா கார்பரேட்டருக்கும் மெனிஃபோல்டுக்கும் இடையில இருக்கிற கேஸ்கட்டில காத்து ஒழுகுது.

காலி வீதி ட்ரஃபிக்ல நிண்டிடுது, அரை மணித்தியாலத்தால திரும்ப ஓடுது

பம்பலப்பிட்டிச் சந்தியில பகல் ஒரு மணிக்கு இது நடந்தா எல்லாரும் வந்து "பெற்றோல் ஆவியாகுது" எண்டு தீர்ப்புச் சொல்லுவினம், ஈரத்துணியோட ஒருத்தர் வருவார். சிலவேளை அது உண்மை, ஏனெண்டா இந்த இன்ஜின்ல கார்பரேட்டரும் சைலன்சர் மெனிஃபோல்டும் ஒரே பக்கம், நடுவில ஒரு வெப்பத் தகடு மட்டும்தான். அந்தத் தகட்டை ஆராவது கழட்டி எறிஞ்சிருந்தா முதல்ல அதைத் தேடிப் பூட்டுங்கோ. ஆனா அதே குறியைக் காட்டுற பழுது இன்னும் மூண்டு இருக்கு, எது எண்டு பிடிக்கிறதுக்கு கார் ஆறமுதல், நிண்ட அந்த நிமிசத்திலயே பாக்கோணும்.

பெற்றோல் மூடியைத் திறவுங்கோ. "ஸ்ஸ்" எண்டு காத்து உள்ள இழுபட்டு, பிறகு ஸ்டார்ட் ஆனா டேங்குக்குக் காத்துப் போற வழி அடைச்சிருக்கு. மூடியில ஒண்டுமில்லை, ஆனா பம்ப் வெறுமையா வேகமா அடிக்குது எண்டா டேங்குக்குள்ள உறிஞ்சு குழாயின்ர வாயில கறள் வந்து ஒட்டுது. ஓடேக்க இழுபட்டு அடைக்கும், நிண்டா விழுந்திடும், அதால தானாச் சுகமான மாதிரி ஒரு தோற்றம். பில்டர் மாத்தி இதுக்குத் தீர்வில்லை, டேங்கை இறக்கிக் கழுவோணும். பம்ப் ஒழுங்கா அடிச்சு நிண்டா பிளக்கைக் கழட்டி நெருப்பைப் பாருங்கோ. சூட்டில நெருப்பு இல்லை, ஆறினா இருக்கு எண்டா கண்டென்சர், அதுக்குப் பிறகு கொயில். கொயிலின்ர ரெண்டு சின்ன முனைக்கும் இடையில சாதாரணக் கொயில் எண்டா 3 ஓம் கிட்ட காட்டோணும். பிந்தி வந்த ரப்பர் பம்பர் மொடலுக்கு பலாஸ்ட் வயரோட 1.5 ஓம் கொயில், அதைப் பழைய மொடலில பூட்டினா கொதிச்சே போகும்.

ஹீட் மீட்டர் மேல போகுது

எங்கட ஊர் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியிறது. எனக்கு அது பிடிக்காது, பழுதை மறைக்கிற வேலை. சாதாரணமா 82 பாகை, வெக்கையான நாடுகளுக்கு 74 பாகை தெர்மோஸ்டாட் இருக்கு, அதைப் போடுங்கோ. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் வருசக்கணக்கா பைப் தண்ணி விட்டு ஓடினதால புளொக்குக்குள்ள படிஞ்ச மண்ணிறச் சேறு. புளொக்கில இருக்கிற ட்ரெயின் டாப்பைத் திறந்தும் தண்ணி வரேல்லை எண்டா உள்ளுக்க தண்ணி இல்லை எண்டு அர்த்தமில்லை, சேறு அடைச்சிருக்கு. கம்பி விட்டுக் குத்தி, ஹோஸ் பிடிச்சுத் தெளிஞ்ச தண்ணி வரும்வரை கழுவுங்கோ, பிறகு கூலன்ட். டைமிங் பிந்தினாலும், மிக்ஸர் வத்தினாலும் சூடேறும், அதையும் ஒருக்காப் பாருங்கோ.

ஒயில் மூடிக்கடியில வெள்ளைப் பசை கண்ட உடன ஹெட் கேஸ்கட் போச்சு எண்டு ஹெட்டைக் கழட்டாதீங்கோ. கொழும்பு ஈரக்காத்தில, சந்தி வரைக்கும் மட்டும் ஓடித் திரும்பிற காரில அது சும்மாவும் வரும். ரேடியேட்டர் மூடி திறந்தபடி, ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டு, குமிழி நிக்காம வருகுதோ பாருங்கோ. வந்தாத்தான் கேஸ்கட்.

கிளச்சை மிதிச்சும் கியர் விழுதில்லை

கீழ படுத்துக்கொண்டு ஒராளை மிதிக்கச் சொல்லுங்கோ. கியர்பொக்ஸ் பக்கத்தில இருக்கிற கிளச் சிலிண்டரின்ர கம்பி அரை இஞ்சி கிட்ட அசையாட்டி ஹைட்ரோலிக் பக்கம், ரப்பர் கிட் மாத்துங்கோ. அசைஞ்சும் கியர் விழாட்டி கிளச் தட்டு ஃப்ளைவீல்ல கறளோட ஒட்டிப் போச்சு. இன்ஜினை நல்லாச் சூடாக்கி ஓஃப் பண்ணிட்டு, முன்னால வெறும் இடமாப் பாத்து, டொப் கியர் போட்டு, கிளச்சையும் பிரேக்கையும் இறுக்கி மிதிச்சபடி ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினா அனேகமா விடும்.

பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு, இல்லாட்டி ஒரு சில்லு விடுதில்லை

பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கன நாள் நிண்ட காரில இருக்கிறதை முழுக்க எறிஞ்சு டொட் 4 விடுங்கோ. சில்லு இறுகி நிண்டா அந்தச் சில்லின்ர பிளீடர் நிப்பிளைத் திறவுங்கோ. ஒயில் சீறி சில்லு விட்டா, ரப்பர் ஹோஸ் உள்ளுக்க வீங்கி ஒயிலைத் திரும்ப விடுதில்லை, வெளியில பாக்க அந்த ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். திறந்தும் விடாட்டி, முன் சில்லு எண்டா, கலிப்பர் பிஸ்டன் கறள். பிரேக்கில மட்டும் பழசைச் சுத்தம் செய்து பூட்டுங்கோ எண்டு சொல்ல மாட்டன், ரப்பர் சாமான் எல்லாம் புதுசு. வயர் சில்லு காரெண்டா கழட்டேக்க ஞாபகம் வச்சுக்கொள்ளுங்கோ: இடப்பக்க நடு நட்டு மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் கழரும், வலப்பக்கம் மணிக்கூட்டுப் பக்கம்.

லைட் மங்கல், சிக்னல் சோம்பல், ஒண்டைப் போட்டா மற்றது எரியுது

ஏர்த். லூக்காஸ் நிறக்கணக்கு ஒரு துண்டில எழுதி கராஜ் சுவரில ஒட்டுங்கோ: மண்ணிறம் எப்பவும் கரண்ட், வெள்ளை திறப்புப் போட்டா, பச்சை அதே ஃபியூசுக்குப் பிறகு, ஊதா எப்பவும் ஃபியூசோட, கறுப்பு ஏர்த். ஃபியூசை மாத்த முதல் அது இருக்கிற பிடியைச் சுரண்டுங்கோ.

ஜாக் அடிச்சா கதவு மூடுதில்லை

இதுதான் எல்லாத்திலயும் பெரிசு, வாங்க முதலே பாக்கோணும். எம்ஜிபிக்குத் தனி சாசி இல்லை, கதவுக்குக் கீழ இருக்கிற சில் பெட்டிதான் காரைத் தாங்குது. ஜாக்கை ஏத்திக்கொண்டே கதவுக்கும் பின்பொடிக்கும் இடையில இருக்கிற இடைவெளியைப் பாருங்கோ, அது ஒடுங்கினா உள்ளுக்க கறள் தின்னுட்டுது, வெளியில பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி. காந்தத்தைத் துணியில சுத்தி வச்சுப் பாத்தா எங்க இரும்பு, எங்க ஃபில்லர் எண்டு தெரியும்.

டிங்கர் பாஸ்மார் கனபேர் வெளித்தகட்டுக்கு மேல இன்னொரு தகட்டை ஒட்டிப் பெயின்ட் அடிச்சுத் தருவினம், பாக்க வடிவாயிருக்கும், ரெண்டு மாரி தாங்காது. வெளித்தகடு, உள்தடுப்பு, கீழ்ச்சட்டம் மூண்டும் சேந்ததுதான் ஒரு சில், மூண்டையும் மாத்தோணும். வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்க இரும்புக் குழாய் வெல்டிங் பண்ணச் சொல்லுங்கோ. ஒரு பக்கம் முழுக்க முடிஞ்ச பிறகுதான் மற்றப் பக்கம். "அதெல்லாம் தேவையில்லை தம்பி, நாங்க எத்தினை காரு செய்திருக்கிறம்" எண்டு பாஸ் சொன்னா கதவைக் கழட்ட விடாதீங்கோ, அது தொங்கினபடியே இருக்கட்டும், ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பிறகும் மூடிப் பாக்கலாம். கடைசியில சில் பெட்டிக்குக் கீழ இருக்கிற தண்ணி வடியிற ஓட்டைகள் பெயின்ட்டால அடைபட்டிருந்தா ஆணி விட்டுத் திறந்து, உள்ளுக்க மெழுகு ஸ்ப்ரே அடிச்சிட்டுத்தான் காரை வெளிய எடுங்கோ.